பார்த்ததற்குக் கூலி: கொச்சியில் கிரைண்டர் விற்ற கதை

கோயம்புத்தூரிலிருந்து கொச்சிக்கு முதல் லோடு போன அன்று, லாரிக்கு முன்னாலேயே பஸ்ஸில் போய்க் கடை வாசலில் காத்திருந்தேன். 2008ஆம் வருடம். கலூர் பக்கம் ஒரு குறுக்குச் சாலையில் முன்னால் கடை, பின்னால் சின்ன குடோன். ஓட்டல்களுக்கான டில்டிங் கிரைண்டர், மாவு பிசையும் மெஷின், காய் வெட்டும் மெஷின், இட்லி ஸ்டீமர், இவைதான் சரக்கு. மொத்தம் 11 உருப்படி. ஊரிலிருந்து இரண்டு பையன்களையும் கூட்டிப் போயிருந்தேன். கல்லைத் தனியாகக் கழற்றி, டிரம்மைத் தனியாக எடுத்து, சட்டத்தைப் பலகை மேல் சரித்து இறக்குகிற வித்தை தெரிந்தவர்கள்.

லாரியின் பின் கதவைத் திறந்து முதல் கிரைண்டருக்குக் கயிறு போட்டோம். அதற்குள் ஆறு பேர் வந்துவிட்டார்கள். சத்தமும் இல்லை, மிரட்டலும் இல்லை. வயதில் மூத்தவர் பீடியை அணைத்துவிட்டு, இங்கே லோடு இறக்குவது தாங்கள்தான் என்றார். இது கல் வைத்த மெஷின், பழக்கமில்லாதவர்கள் தொட்டால் கால் போய்விடும், என் பையன்களே இறக்கிக்கொள்வார்கள் என்றேன். அவர் கொஞ்சமும் வருத்தப்படவில்லை.

"சரி, அவர்களே இறக்கட்டும். ஞங்ஙளுக்குக் கூலி தந்நால் மதி." (எங்களுக்குக் கூலி தந்தால் போதும்.)

என் மலையாளம்தான் அரைகுறை, எதையோ தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று முதலில் நினைத்தேன். இல்லை, சரியாகத்தான் கேட்டிருக்கிறேன். ஒரு மணி நேரம் பேசி 5,000 என்று ஆரம்பித்தது 3,500இல் நின்றது. அப்புறம் என் பையன்கள் வியர்க்க விறுவிறுக்க இறக்க, அந்த ஆறு பேரும் எதிர்ப்பக்கத் திட்டில் உட்கார்ந்து பார்த்தார்கள். ஒரே ஒரு முறை அவர்களில் ஒருவர் எழுந்து வந்து, கயிறை இடது பக்கம் இழுத்துப் பிடிக்கச் சொன்னார். அவர் சொன்னதுதான் சரி. 3,500இல் அதற்கென்று ஒரு 50 ரூபாயாவது கழித்துக்கொள்ளலாம்.

லாரி டிரைவர் அண்ணன் பொள்ளாச்சிக்காரர். கிளம்பும்போது என்னிடம் கேட்டார்: "ஏனுங், அவீங்க ஒண்ணுந்தொடலையே, எதுக்குங்க காசு?"

"பாத்துட்டு இருந்தாங்கல்லங்ணா, அதுக்கு" என்றேன். அவர் சிரிக்கவில்லை. நானும்தான்.

இதற்கு அங்கே பெயர் நோக்கு கூலி. நோக்கினால் கூலி. அந்த ஆறு பேர் எந்தத் தொழிற்சங்கம் என்று நான் சொல்லப்போவதில்லை. அதில் பெரிய அர்த்தமும் இல்லை. ஒரே முக்கில் நாலு கொடி பறக்கும், கொடி மாறினாலும் பேச்சு மாறாது. அந்த விஷயத்தில் மட்டும் அவர்களுக்குள் சண்டையே வந்ததில்லை.

அதற்கடுத்த ஒரு வருடம் நான் செய்தது முழுக்கத் தப்பு. சரக்கை இரவு இரண்டு மணிக்கு இறக்கிப் பார்த்தேன். விடிந்ததும் குடோன் வாசலில் ஆள் நின்றது, பழைய கணக்கோடு. டெம்போவில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டு வந்தேன். வாடகை இரட்டிப்பானதுதான் மிச்சம். கோபத்தில் ஒரு முறை பணம் தராமல் நின்றேன், லாரி ஒன்றரை நாள் நின்றது. லாரிக்காரர் கேட்ட வெயிட்டிங் சார்ஜ், கேட்ட கூலியைவிட அதிகம். வீட்டில் கணக்குச் சொன்னபோது என் மனைவி, "அவங்களுக்குக் குடுத்தா அங்கயாவது ஒரு குடும்பத்துக்குப் போகும்" என்றாள்.

பிறகுதான் உட்கார்ந்து விஷயத்தைக் கற்றுக்கொண்டேன். கொச்சியில் கடை போட நினைக்கிற எவரும் கடை பார்ப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியது அது. நான் ஒன்றரை வருடம் பிந்திச் செய்தேன்.

நான் ரவுடித்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்ததன் அடியில் ஒரு சட்டம் இருந்தது. கேரளச் சுமைதூக்கும் தொழிலாளர் சட்டம், 1978. அதன் கீழ் நல வாரியம். திட்டம் அமலில் இருக்கிற பகுதிகளில் பதிவு பெற்ற தொழிலாளிகள் குழுவாக இருப்பார்கள், அதை அங்கே பூல் என்பார்கள். இன்ன தெருவிலிருந்து இன்ன தெரு வரை இன்ன பூல். நம் வீடு எந்தப் போலீஸ் ஸ்டேஷன் எல்லை என்பதுபோல, நம் கடை எந்தப் பூலின் எல்லை என்பதும் நாம் போகும் முன்பே முடிவாகியிருக்கும். வணிகச் சரக்கை ஏற்றி இறக்குகிற வேலை அவர்களுக்கு. கடைக்காரர் கூலியையும் அதற்கு மேல் ஒரு பங்கையும் வாரியத்தில் கட்ட, அதிலிருந்து அவர்களுக்குச் சம்பளம், விடுப்பு, போனஸ், மருத்துவம். காகிதத்தில் படித்தால் நல்ல ஏற்பாடு. பார்த்துக்கொண்டிருப்பதற்குக் கூலி என்று அந்தச் சட்டத்தில் எங்கேயும் கிடையாது. ஆனால் "இந்த எல்லைக்குள் இந்த வேலை இவர்களுக்கே" என்று அரசு கோடு கிழித்துக் கொடுத்த பிறகு, வேலை போனாலும் கூலி வர வேண்டும் என்ற எண்ணம் வர எத்தனை நாள் ஆகும்?

எனக்கு இதில் புரிந்த ஒரே விஷயம் அதுதான். சங்கத்தைத் திட்டுகிறவர்கள் அரசை மறந்துவிடுகிறார்கள். கூலி விகிதத்துக்கு முத்திரை குத்துவது அரசு, ஆள் அனுப்புவது சங்கம், பணம் கட்டுவது நாம். வேறு கடைக்குப் போக வழியில்லாத வாடிக்கையாளரை யார் மதிப்பார்கள்?

கொச்சியின் மூத்த வியாபாரிகளிடம் பேசினால் பழைய தொலைபேசிக் கதையைச் சொல்வார்கள். இணைப்பு கேட்டுவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த காலம். லைன் செத்துப்போனால் லைன்மேன் வருகிற வரைக்கும் வியாபாரமும் செத்துக் கிடக்கும், பண்டிகைக்கு அவருக்குத் துணி எடுத்துக் கொடுக்காத கடையே கிடையாது. 1996இல் அந்த ஊருக்குச் செல்போன் வந்தது. கொஞ்ச வருடத்தில் அந்த மரியாதை எல்லாம் பறந்துபோனது. சுமைக்கு அப்படி ஒரு செல்போன் வரவில்லை. ஃபோர்க்லிஃப்ட் வந்தது, லாரியிலேயே பொருத்திய கிரேன் வந்தது. அவை வந்ததும் நோக்குவதற்கு வேலை இன்னும் லேசானது, அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று. கோபத்தில் இருந்த எனக்கு மட்டாஞ்சேரியில் ஏலக்காய் வியாபாரம் செய்த ஒரு பெரியவர் சாப்பா கதையைச் சொன்னார். சாப்பா என்பது ஒரு உலோக வில்லை. அந்தக் காலத்தில் துறைமுகத்தில் காலையில் கூட்டமாக நிற்கிற தொழிலாளிகள் நடுவே அந்த வில்லைகளை விட்டெறிவார்களாம். அடித்துப் பிடித்துப் பொறுக்கியவனுக்கு அன்றைக்கு வேலை, மற்றவனுக்குப் பட்டினி. அதை எதிர்த்துப் போராடியபோது 1953 செப்டம்பரில் மட்டாஞ்சேரியில் போலீஸ் சுட்டது, தொழிலாளிகள் செத்தார்கள். "இன்றைக்கு உன் லாரி முன்னால் உட்கார்ந்திருக்கிறவனின் தாத்தா, அந்த வில்லைக்காக மண்ணில் புரண்டவனாக இருப்பான்" என்றார் பெரியவர்.

எனக்கும் இது புதிதில்லை. என் தாத்தா கோவையில் மில் தொழிலாளி. எங்கள் வீட்டில் தீபாவளி என்பது மில் போனஸ் வருகிற நாள், அந்த போனஸ் சங்கம் வாங்கிக் கொடுத்தது. அதைத் தின்று வளர்ந்தவன் சங்கமே கூடாது என்று பேசினால் நாக்கு கூசும். வேலைக்குக் கூலி கேட்பது வேறு, வேலை இல்லாததற்குக் கேட்பது வேறு. இரண்டையும் ஒரே கொடியில் சுருட்டிக்கொடுத்ததுதான் எனக்கு ஆகவில்லை.

இனி நான் கண்ட வழிகளைச் சொல்கிறேன். முதலில் நான் செய்த உருப்படியான காரியம், வியாபாரிகள் சங்கத்தில் சேர்ந்தது. சந்தா கொடுக்க மனசில்லாமல் இரண்டு வருடம் தள்ளிப்போட்டிருந்தேன். அந்த ஊரில் கூலி விகிதம், வியாபாரிகள் சங்கமும் தொழிற்சங்கங்களும் லேபர் ஆபீசர் முன்னால் உட்கார்ந்து போடுகிற ஒப்பந்தம். எந்தச் சரக்குக்கு என்ன கூலி என்று பட்டியல் உண்டு. அரிசி மூட்டை, சிமெண்ட், சர்க்கரை, டைல்ஸ் பெட்டி எல்லாவற்றுக்கும் அதில் ஒரு வரி எழுதியிருக்கும். அந்தப் பட்டியலை மலையாளத்தில் நகல் எடுத்து, ஒன்றைக் கடையிலும் ஒன்றை லாரி டிரைவரிடமும் கொடுத்து வைத்தேன். அன்றிலிருந்து பேரம் பாதியாகக் குறைந்தது. "அண்ணாச்சிக்கு லிஸ்ட் தெரியும்" என்ற பேச்சு முக்கு வரை போய்விட்டது. (அங்கே எந்தத் தமிழனும் அண்ணாச்சிதான், நெல்லையா கோவையா என்று பார்க்கிறதில்லை.)

மீதிப் பாதிப் பேரம் எங்கே இருந்தது என்றால், பட்டியலில் கிரைண்டர் என்று ஒரு வரி இல்லை. வீட்டு மிக்சி, பிரிட்ஜ் உண்டு. மெஷினரி என்று பொதுவாக ஒன்று உண்டு, அது எடைக்கு. எங்கள் ஓட்டல் கிரைண்டரை இவர்கள் மெஷினரி என்பார்கள், நான் வீட்டுச் சாமான் என்பேன். கல்லைக் கழற்றி வைத்தால் ஒரு உருப்படியா மூன்றா? ஊத்துக்குளிப் பக்கத்துக் கல், தனியாகவே ஆளை முறிக்கும். குழவிக்குத் தனிக் கூலியா? இந்தக் கேள்விகளுக்கு ஒவ்வொரு லோடுக்கும் ஒவ்வொரு பதில். சண்டையில் பாதி, கூலி அதிகம் என்பதால் வருவதில்லை, எவ்வளவு என்று முன்னால் தெரியாததால் வருகிறது. 3,000 என்று தெரிந்தால் விலையில் சேர்த்துவிடுவேன். 1,500ஆ 6,000ஆ என்று தெரியாவிட்டால் எந்த விலையைச் சொல்வது?

அதனால் லாரி கோவையில் கிளம்பும் முன்பே உருப்படிகளை எழுதி, பூலின் பொறுப்பாளரான கன்வீனரிடம் கொண்டுபோய் வைத்து, தொகையைப் பேசி ஒரு துண்டுச் சீட்டில் இருவரும் எழுதிக்கொள்வது என்று பழக்கம் செய்தோம். சரக்கு வாளையாறு எல்லை தாண்டிய பிறகு பேரம் பேசினால் நம் கை கீழே. கிளம்பும் முன் பேசினால் அவர் கையும் நம் கையும் சமம், ஏனென்றால் லோடு வராவிட்டால் அவருக்கும் வருமானம் இல்லை. இந்தச் சின்ன விஷயத்தைக் கண்டுபிடிக்க எனக்கு நாலு வருடம் ஆனது.

இரண்டாவது முயற்சி, சொந்த ஆட்களுக்குப் பதிவு வாங்குவது. நிரந்தரமாக நம்மிடம் வேலை செய்கிறவர்களைச் சுமைதூக்கும் தொழிலாளியாகப் பதிவு செய்து அட்டை வாங்க விதிகளில் இடம் இருக்கிறது. 26ஏ என்று சொன்னால் அங்கே எல்லாருக்கும் புரியும். அட்டை இருந்தால் உங்கள் சரக்கை உங்கள் ஆள் இறக்கலாம். விண்ணப்பம் கொடுத்தேன். பூலிலிருந்து ஆட்சேபம் வந்தது. விசாரணை, ஒத்திவைப்பு, ஆபீசர் மாற்றம், மறுபடி விசாரணை. சம்பளப் பதிவேடு கேட்டார்கள், வருகைப் பதிவேடு கேட்டார்கள். நான் அதுவரை பையன்களுக்குச் சம்பளத்தை நோட்டில் எழுதிக் கையில் கொடுத்துக்கொண்டிருந்தேன், அது என் தப்பு. இரண்டு வருடப் பதிவேடு சரியாக இல்லாமல் 26ஏ பக்கம் போகாதீர்கள், வக்கீல் செலவுதான் மிஞ்சும். கடைசியில் ஒரு பையனுக்கு அட்டை கிடைத்தது. கிடைத்த மூன்றாவது மாதம் அவன் துபாய் போய்விட்டான். அந்த அட்டை இன்னும் என் மேஜை டிராயரில் இருக்கிறது.

ஹர்த்தால் பற்றிச் சொல்லாமல் கொச்சி வியாபாரம் முடியாது. 1997இல் கேரள உயர் நீதிமன்றம் பந்த் சட்டவிரோதம் என்றது, அதே வருடம் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. அதன் பிறகு அங்கே பந்த் நடப்பதில்லை, ஹர்த்தால்தான் நடக்கும். வித்தியாசம் என்ன என்று கேட்டால் பெயர்ப் பலகை. முன்னெல்லாம் ராத்திரி ஏழு மணிச் செய்தியில் சொல்வார்கள், மறுநாள் காலை ஆறு முதல் மாலை ஆறு வரை ஊர் மூடியிருக்கும். அரசு பஸ் ஓடாது. அரசு அலுவலகம், வங்கி எதிலும் ஆள் இருக்காது. பக்கத்தில் வேறு ஒன்று இருந்தால் அங்கே போகலாம், அரசிடம் மட்டும் இருப்பதற்கு நாம் எங்கே போவது? முந்தின சாயங்காலம் கோழிக்கடையிலும் மதுக்கடையிலும் நிற்கிற வரிசையைப் பார்த்தால் திருவிழா என்று நினைப்பீர்கள்.

2012இல் இடப்பள்ளியில் ஒரு ஓட்டல் திறப்பு விழா. வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு முதல் இட்லி இறங்க வேண்டும். வியாழன் மெஷின் பொருத்துவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். புதன் இரவு ஹர்த்தால் அறிவிப்பு. லாரி அப்போது குதிரான் மலைப் பாதையில் நெரிசலில் நின்றுகொண்டிருக்கிறது. (சுரங்கப்பாதை 2021இல்தான் திறந்தது. அதற்கு முன் அந்த ஏற்றத்தில் ஒரு லாரி பழுதானால் திருச்சூர் பக்கம் போகிற எல்லாருக்கும் அன்றைக்கு விடுமுறை.) இரவு இரண்டரைக்கு அங்கமாலி வந்தார்கள். ஆறு மணிக்குள் இறக்க வழியில்லை. பகல் முழுக்க லாரி ஒரு பெட்ரோல் பங்க் ஓரத்தில் கிடந்தது, டிரைவருக்கு ஒரு டீ கிடைக்கவில்லை. மாலை ஆறுக்கு மேல் ஓட்டல் வாசல் போய், அந்தப் பகுதிப் பூலை வரவழைத்து, இரவு முழுக்கப் பொருத்தி முடித்தபோது விடிகாலை மூன்றரை. ஊறப்போட்ட அரிசி காத்துக்கொண்டிருந்தது. முதல் மாவு அரைத்துப் புளிக்க நேரமில்லாமல் அன்றைக்கு இட்லிக்குப் பதில் புட்டு போட்டார்கள். முதலாளி என்னை ஒன்றும் சொல்லவில்லை, பில்லில் மட்டும் 8,000 பிடித்துக்கொண்டார்.

அதற்கப்புறம் கேரளத்தில் எந்த வாடிக்கையாளருக்கும் தேதி சொல்வதில்லை, வாரம் சொல்வேன். "அடுத்த வாரத்துக்குள்." திறப்பு விழா என்றால் ஐந்து நாள் முன்னால் சரக்கு உள்ளே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆர்டரே வேண்டாம். நஷ்ட ஈடு பற்றி ஒரு நிபந்தனையும் கொட்டேஷனில் ஏறியது: ஹர்த்தால், பணிமுடக்கு, சாலைத் தடை இவற்றால் வரும் தாமதத்துக்குப் பிடித்தம் கிடையாது. வாதாடுவார்கள், ஆனால் கையெழுத்துப் போடுவார்கள். அவர்களுக்கும் ஊர் தெரியும்.

2019 ஜனவரியில் கொஞ்சம் காற்று மாறியது. சபரிமலை விவகாரத்தில் மூன்றாம் தேதி ஹர்த்தால், எட்டும் ஒன்பதும் அகில இந்திய வேலைநிறுத்தம். ஒரே வாரத்தில் மூன்று நாள். வியாபாரிகள் சங்கங்கள் இனி கடையைச் சாத்துவதில்லை என்று சொல்லிவிட்டன. உயர் நீதிமன்றம், ஹர்த்தால் என்றால் ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்த ஏழு நாள் எங்களைப் போன்றவர்களுக்கு எவ்வளவு பெரிய வரம் என்பது வெளியே இருப்பவர்களுக்குப் புரியாது. கடை மூடுவது பிரச்சினையே இல்லை, ஞாயிற்றுக்கிழமையும்தான் மூடுகிறோம். ஞாயிறு எப்போது வரும் என்று தெரியும்.

தெரிந்தும் மாட்டிக்கொண்ட கதையும் உண்டு. 2022 மார்ச் 28, 29 இரண்டு நாள் பொது வேலைநிறுத்தம். தேதி முன்பே தெரியும். ஆனால் காலண்டரை நான் சரியாகப் பார்க்கவில்லை. 26 நாலாவது சனிக்கிழமை, 27 ஞாயிறு. அடுத்த இரண்டு நாள் வங்கி ஊழியர்களும் வேலைநிறுத்தத்தில். ஆக நிதியாண்டின் கடைசி ஆறு நாளில் நாலு நாள் வங்கிக் கவுண்டர் கிடையாது. என் கையில் இரண்டு ஓட்டல்காரர்களின் காசோலை இருந்தது, 30ஆம் தேதி போட்டு ஏப்ரலில்தான் பணம் வந்தது. அதை நம்பி நான் கொடுத்திருந்த காசோலை ஒன்று திரும்பியது. மார்ச் கடைசி வாரத்தில் கேரளத்திலிருந்து காசோலை வாங்காதீர்கள். ஆன்லைனில் அனுப்பச் சொல்லுங்கள், ஒரு சதவீதம் தள்ளுபடி கொடுத்தாவது.

நோக்கு கூலிக்கு அதற்கு முன்பே தடை வந்திருந்தது. 2018 மே 1 முதல் கேரள அரசே தடை செய்தது. மே தினத்தில் என்பதைக் கவனியுங்கள். வீட்டுச் சாமானை வீட்டுக்காரர் விருப்பப்பட்ட ஆளை வைத்து இறக்கலாம் என்பதும் தெளிவானது. தடை வந்து மூன்று வருடம் கழித்து, 2021 செப்டம்பரில், திருவனந்தபுரத்தில் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்துக்கு எந்திரம் கொண்டுபோன பெரிய லாரியை மறித்து 10 லட்சம் கேட்டார்கள் என்று நாடே பேசியது. ராக்கெட்டுக்கே அந்த நிலைமை என்றால் கிரைண்டர் எம்மாத்திரம் என்று எங்கள் தெருவில் சொல்லிச் சிரித்தார்கள். உயர் நீதிமன்றம் கடுமையாகப் பேசியது.

தடைக்குப் பிறகு ஒரே ஒரு முறை போலீஸைக் கூப்பிட்டேன். வந்தார்கள், பேசினார்கள், அன்றைக்கு ஒரு பைசா தராமல் சரக்கு இறங்கியது. மறு வாரத்திலிருந்து என் கடை வாசலில் வண்டி நிறுத்த இடமில்லாமல் போனது. தினமும் ஏதோ ஒரு டெம்போ நிற்கும், யாருடையது என்று யாருக்கும் தெரியாது. சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்பேன். ஆனால் சட்டம் ஜீப்பில் வந்து ஜீப்பில் போகிறது, நாம் அந்தத் தெருவில் இருக்கிறோம். பெரிய எந்திரம், ஒரே தடவை இறக்குவது என்றால் லேபர் ஆபீசிலும் போலீசிலும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டுத் தைரியமாக இறக்குங்கள். மாதம் மூன்று லோடு வருகிற கடை என்றால் கன்வீனரோடு டீ குடியுங்கள். இதில் எது நியாயம் என்று கேட்காதீர்கள்.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் ஆலுவாவில் நான் வாடகைக்கு எடுத்திருந்த இன்னொரு குடோனில் பெரியாற்று நீர் இடுப்பு வரை வந்தது. எனக்குப் போன் செய்தவர் அந்தப் பகுதிப் பூல்காரர். பூட்டை உடைக்கட்டுமா என்று கேட்டார். மோட்டார்களையெல்லாம் தலைக்கு மேல் தூக்கிப் பக்கத்து மாடியில் வைத்திருந்தார்கள். இதை ஊரில் சொன்னால் கண்ணில் நீர் வர இலவசமாகச் செய்தார்கள் என்று முடிப்பார்கள். இல்லை, கூலி கேட்டார்கள், பட்டியல்படி. ஆனால் அடுத்த மாதம் கேட்டார்கள், என்னிடம் பணம் வந்த பிறகு. நோக்காமல் எடுத்த கூலி என்பதால் ஒரு பைசா குறைக்காமல் கொடுத்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கணக்கு நேராக இருக்காது. எனக்கு மெஷின் தருகிற கம்பெனியிடம் எர்ணாகுளம் மாவட்டத்துக்கு நான் மட்டும் டீலர் என்று எழுதி வாங்கியிருந்தேன். 2014இல் திருச்சூர் டீலர் ஒருவர் காக்கநாட்டில் ஒரு கேண்டீனுக்கு ஆறு கிரைண்டர் விற்றுவிட்டார். என் எல்லைக்குள் எப்படி விற்கலாம் என்று கம்பெனியில் போய்ச் சண்டை போட்டு, அந்த விற்பனைக்கு எனக்கு 18,000 கமிஷன் வாங்கினேன். பெருமையாக வீட்டில் சொன்னேன். மனைவி சாதம் போட்டுக்கொண்டே, "நீங்க என்ன பண்ணுனீங்க அந்த வித்ததுல?" என்றாள். ஒன்றும் இல்லை. பார்த்துக்கொண்டிருந்தேன்.

2022இல் கலூர் குடோனைக் காலி செய்தேன். இப்போது கொச்சியில் இருப்பது காட்சிக்கு நாலு மெஷின் வைத்த ஒரு அறை. சரக்கு கோவையிலிருந்து நேராக வாங்குபவர் வாசலுக்குப் போகும். இறக்குக் கூலி வாங்குபவர் பொறுப்பு என்று கொட்டேஷனில் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டேன். முதலில், "அதை நானே பார்த்துக்கொள்வதானால் உன்னிடம் ஏன் வாங்குகிறேன், கோயம்புத்தூருக்கே போய் வாங்க மாட்டேனா?" என்றார்கள். சிலர் அப்படியே போனார்கள். மற்றவர்களுக்கு விலையில் கொஞ்சம் குறைத்தேன், அவர்கள் தங்கள் பகுதிப் பூலோடு பேசி நான் கொடுத்ததில் பாதிக்கு முடிக்கிறார்கள். உள்ளூர்க்காரனுக்கு மச்சான், பள்ளித் தோழன் என்று யாராவது அந்தப் பூலில் இருப்பார்கள். ஒரு இடத்தில் வேர் இருக்கிறவன் பேசட்டும், நமக்கு எதற்கு? ஆனால் குடோன் இல்லாததால் அவசர ஆர்டர்களை இழக்கிறேன். திருச்சூர்க்காரருக்குக் கொண்டாட்டம்.

பட்டியல் விஷயம் மட்டும் நான் விடவில்லை. ஒவ்வொரு முறை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போதும் வியாபாரிகள் சங்கம் வழியாக எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். குடோனைக் காலி செய்வதற்கு ஒரு வருடம் முன்னால், கடைசிப் பக்கத்தில், ஃப்ரீசருக்குக் கீழே ஒரு வரி ஏறியது: "கிரைண்டர், வலுது", அதாவது பெரியது. கல்லோடு ஒரே உருப்படி, குழவிக்குத் தனிக் கூலி கிடையாது. பழைய கன்வீனரே அந்தப் பக்கத்தை மடித்துக் காட்டி, "அண்ணாச்சிக்குச் சமாதானம் ஆயோ?" என்றார். ஆயிற்று என்றேன். போன மாதம் ஒரு ஸ்டார் ஓட்டலுக்குக் காம்பி அவன் என்ற ஒரு புது அடுப்பு அனுப்பினேன், ஜெர்மன் மாடல், ஆள் உயரம். அது பட்டியலில் இல்லை.